பாடநூல் மறந்த தொடுமுனை

மின்சுற்றைப் படமாக வரையும்போது மின்கலத்துக்கும் விளக்குக்கும் இடையே நேர்கோடு ஒன்றை இழுத்துவிடுகிறோம். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு சிறு புள்ளி, அவ்வளவுதான். நமது பள்ளி மின்னியல் பாடத்தின் மீது நான் கூறும் குறை அந்தப் புள்ளியைப் பற்றியதே. கம்பியின் நீளம், தடிமன், உலோகம் ஆகியவற்றைப் பொறுத்து மின்தடை மாறும் என்பதை மாணவர்கள் நன்கு கற்கின்றனர். இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் நடைமுறையில் பழுதுகள் பல அங்குதான் தோன்றுகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி, அரபிக்கடலும் அருகில். ஆகவே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் மின்கிதார் வாசிக்கும் இளைஞருக்கு, பாட்டின் நடுவே 'கரகர' என்ற இரைச்சல் புதிதல்ல. உடனே, "கிதார் போய்விட்டது" என்று தீர்ப்பு வந்துவிடும். அல்லது பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, ஜாக்கினுள் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். தீர்ப்பும் தவறு, வைத்தியமும் தவறு. காரணத்தைப் பார்ப்போம்.

வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே இருக்கும். இரு பரப்புகளை அழுத்தும்போது சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில உச்சிகள் வழியாகவே நெருக்கியடித்துச் செல்ல வேண்டும். ராக்னர் ஹோம் என்ற அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்து, மின் தொடுமுனைகளைப் பற்றி 1946இல் ஒரு நூலே வெளியிட்டார். அந்த உச்சிகளின் மேல் ஆக்ஸைடு, சல்பைடு போன்ற மெல்லிய படலம் படிந்தால் பாதை மேலும் குறுகிவிடும்.

கிதார் ஜாக்கின் வரலாறு இங்கே உதவும். கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தப் பிளக், 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையப் பலகையிலிருந்து வந்தது. சென்னையில் தொலைபேசி நிலையம் 1882இல் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் பணியாளர்கள் பிளக்கைச் செருகி, எடுத்து, மீண்டும் செருகியபடியே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தை உரசித் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். பல பத்து வோல்ட் மின்னழுத்தமும் படலத்தை உடைக்கத் துணைசெய்யும். கிதாரிலோ வாரம் ஒருமுறைதான் செருகல். மின்னழுத்தமும் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குக் குறைவு. படலம் உடையாமல் நிற்கிறது. கயிறு அசையும்போது தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. அதுவே 'கரகர' ஒலி.

உப்புத்தாள் படலத்தை நீக்குவது உண்மை. ஆனால் பித்தளையின் மேலுள்ள மெல்லிய நிக்கல் பூச்சையும் அது சேர்த்தே சுரண்டிவிடும். பிறகு ஈரமும் உப்பும் பித்தளையை நேராகத் தாக்கிக் களிம்பேறச் செய்யும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும். ரப்பர் விளையும் இந்த மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ரப்பர் வளையங்களில் கந்தகம் உண்டு. வெள்ளி பூசிய தொடுமுனைகளின் அருகே அவற்றை வைத்தால் வெள்ளி கறுத்துப்போகும்.

சரியான முறை எளிது. முதலில் வேறொரு கயிற்றை மாற்றிப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் குற்றம் கயிற்றிலேயே இருக்கும். அடுத்து, பெருக்கியை அணைத்து, மின்சாரத் தொடர்பையும் நீக்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பிளக்கைத் துடைக்கலாம். அருகில் நெருப்பு கூடாது. ஈரம் உலர்ந்தபின் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் ஜாக்கின் உட்புறமும் உரசித் தூய்மையாகும். பின்னும் தளர்ச்சி இருந்தால், ஜாக்கின் வில் தகடு விரிந்திருக்கிறதா, பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருக்கியைத் திறப்பது மட்டும் வேண்டாம். வால்வுப் பெருக்கிகளில் அணைத்த பின்பும் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கக்கூடும்.

இதையெல்லாம் பழுதுபார்ப்பவரின் கைவேலை என்று ஒதுக்குவோர் ஜகதீச சந்திர போஸை நினைக்க வேண்டும். 1890களில் அவர் எஃகுச் சுருள்வில்களை அடுக்கி, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களைக் கொண்டே மின்காந்த அலைகளை உணர்ந்தார். முழுமையற்ற தொடுமுனை அவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. நமது வகுப்பறையில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்தக் குறை இரைச்சலோடு முடிவதில்லை. வீட்டுப் பிளக் ஒன்றில் தளர்ந்த தொடுமுனையின் தடை அரை ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால் அங்கு மட்டும் 50 வாட் வெப்பம் பிறக்கும். இரண்டு 25 வாட் பற்றவைப்புக் கோல்களை அந்தச் சிறு இடத்தில் வைத்ததற்கு அது சமம்! கருகிய பிளக்குகளும் சில தீ விபத்துகளும் இவ்வாறு பிறப்பவையே. கிதாரில் காதுக்கு எட்டும் எச்சரிக்கை, சுவரிலுள்ள பிளக்கில் பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்பு, துருப்பிடித்த ஆணி ஒன்று போதும். ஆணியைச் சுற்றில் சேர்த்துப் பல்பைப் பாருங்கள். பிறகு துருவை அராவி நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். கம்பி அதேதான், கலமும் அதேதான். மாறியது தொட்ட இடம் மட்டுமே. இதைக் கண்ணால் கண்ட மாணவர், படத்திலுள்ள அந்தச் சிறு புள்ளியை இனி அலட்சியமாகக் கடந்துபோக மாட்டார்.