பூண்டும் தோல் புற்றுநோயும்: கட்டி சுருங்கினால் போதுமா?

தோல் புற்றுநோய்க்குப் பூண்டு உதவும் என்ற பேச்சை வெறும் நாட்டுவைத்திய நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பூண்டுப் பல்லுக்குள் அலீன் என்ற சேர்மமும் அலினேஸ் என்ற நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. பல்லை நசுக்கியதும் இரண்டும் கலந்து அலிசின் பிறக்கிறது. மூக்கைத் துளைக்கும் அந்தக் கார நெடி அதனுடையதுதான். அலிசின் நெடுநேரம் நிலைப்பதில்லை. எண்ணெயில் ஊறும்போது அது அஜோயின் போன்ற வேறு கந்தகச் சேர்மங்களாக மாறுகிறது. நசுக்காத பல்லைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டாலோ நொதி செயலிழந்துவிடும். இவற்றில் பெரும்பகுதி உருவாகவே உருவாகாது. ஆகவே ‘பூண்டு நல்லது’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த நோய்க்கு என்று கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்ட ஆய்வு ஒன்று 2003-இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்தது. அடித்தள செல் புற்றுநோய் கண்ட 21 பேரின் கட்டிகள்மேல் அஜோயின் பூசப்பட்டது. 17 பேருக்குக் கட்டி சுருங்கியது. புற்றுச் செல்களை மடியவிடாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதம், பரிசோதித்த கட்டிகளில் குறைந்திருந்தது. பூச்சு எரிச்சலூட்டித் தோலை உரித்தது என்பதோடு நில்லாமல், செல்லுக்குள் நடந்த மாற்றத்தையும் காட்டியதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் 21 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அதைவிட முக்கியம், சுருங்குவது வேறு, குணமாவது வேறு. இந்தப் புற்று வேறு உறுப்புகளுக்கு அரிதாகவே பரவும் என்றாலும் தோலுக்கடியில் வேர்விட்டு அரித்துக்கொண்டே போகும். மேலே தெரியும் கட்டி சிறுத்த பிறகும் அடியில் செல்கள் மிஞ்சியிருக்கலாம். அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த திசுவின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்து, புற்று மிச்சமில்லை என்று உறுதிசெய்கிறார்கள்; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். பூச்சு மருந்து எதுவானாலும் அந்த அளவுகோலுக்குத்தான் ஈடுகொடுக்க வேண்டும்.

பூண்டுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால்தான் மருந்து நிறுவனங்கள் பெரிய ஆய்வு நடத்துவதில்லை என்பார்கள். இதில் நியாயம் உண்டு. அரசு நிதியில் அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று கேட்பதற்கு அது வலுவான காரணம். ஆய்வு நடக்குமுன்பே பலன் கிடைத்துவிட்டதாக எண்ணுவதற்குக் காரணமாகாது. தினமும் ரசத்தில் போடும் பொருள் என்ன கெடுதல் செய்துவிடும் என்ற வாதத்தில் அந்த நியாயமும் இல்லை. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டியவர்களுக்குக் கொப்புளமும் தீக்காயம் போன்ற புண்ணும் வந்ததை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவுசெய்துள்ளன. மருவுக்குப் பூண்டு தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேய்த்த இடம் மருவாக இல்லாமல் மெலனோமா என்ற தோல் புற்றாக இருந்தால், மேல்தோல் வெந்து பொருக்குத் தட்டி அடையாளம் மறைந்துவிடும். ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் கூடினாலும் உயிராபத்து ஏறும் நோய் அது.

கருநிறத் தோலுடையவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. அங்கே புதிதாக ஒரு கரும்புள்ளியோ ஆறாத புண்ணோ கண்டால் எதையும் தேய்க்காதீர்கள். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டித் திசுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.