ஃபுட்பாலை மறக்கடித்த நெருப்பு

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் வெள்ளி இரவு என்றால் பள்ளிக்கூட ஃபுட்பால்தான். எட்டு மணிக்குச் சற்று முன், பச்சை கலந்த நெருப்புப் பந்து ஒன்று நாட்டின் கிழக்கு வானத்தில் வடகிழக்காகப் புறப்பட்டது. முழுநிலவையும் மிஞ்சிய வெளிச்சம்.

எரிகல் என்றால் "அதோ!" என்று கை நீட்டுவதற்குள் அணைந்துவிடும். இதுவோ 40 நொடிக்கு மேல், ஊர்வலம் போவதுபோல் நிதானமாகப் போனது. மிகச் சாய்வாக நுழைந்ததால் காற்றுமண்டலத்தில் அத்தனை நீண்ட ஓட்டம். வழியில் உடைந்து, துண்டுகள் ஆளுக்கொரு வாலோடு வரிசைகட்டின.

ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கேமராக்கள் சட்டென்று வானத்துக்குத் திரும்பின. அந்த நடுங்கும் வீடியோக்கள்தான் எனக்குப் பிடித்தவை. எந்த ஆய்வகப் படத்திலும் அந்தப் பதற்றம் கிடைக்காது. பதினைந்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. அவற்றை வைத்தே கல் சூரியனைச் சுற்றிவந்த பாதையைக் கணக்கிட்டார்கள். விழுந்த விண்கல் ஒன்றின் பாதை தெரியவந்தது அதுவரை மூன்றே முறைதான்.

கடைசிக் கட்டத்தில் வெளிச்சம் கிடையாது. காற்று வேகத்தைத் தின்றுவிட, கல் இருட்டில் வெறுமனே கீழே விழும். நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில்லில் 12 கிலோ துண்டு ஒன்று, நிறுத்தியிருந்த சிவப்பு செவர்லே மாலிபுவின் பின்பக்கத்தைத் துளைத்துத் தரையில் பதிந்தது. பழைய கார்தான். அதன்பிறகு பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கு, அந்த ஓட்டையோடேயே, பயணம் போனது.