பொதுக்கருத்து: டென்டன் வாக்குப்பெட்டியை முன்வைத்து

'பொதுக்கருத்து என்று ஒன்று இல்லை' என்பது பியர் பூர்தியூ 1972இல் ஆற்றிய உரையின் தலைப்பு. கருத்துக்கணிப்பு மூன்று விஷயங்களைக் கேள்விக்கே உட்படுத்தாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறது என்பது அவர் வாதம்: எல்லோரிடமும் கருத்து இருக்கிறது, எல்லாக் கருத்துக்கும் எடை ஒன்றே, அந்தக் கேள்வி கேட்கத் தகுந்ததுதான் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. ரொம்ப நாளாக இதை நான் கைத்தடி மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கணிப்பு வந்தாலும் 'கேள்வியைத் தயாரித்தது யார்?' என்று ஒரு போடு போட்டால் வேலை முடிந்தது. டென்டன் விவகாரத்தை வாசித்தபிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை.

டென்டன், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பார்னெட் களிப்பாறைப் படிவத்தின்மேல் இருக்கும் பல்கலைக்கழக நகரம். தண்ணீர், மணல், வேதிப்பொருள்களைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைத்து வாயு எடுக்கிற ஃப்ராக்கிங் இந்தப் படிவத்தில்தான் பெருந்தொழிலாக வளர்ந்தது. டெக்சாஸ் சட்டப்படி மனை ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். இரண்டும் மோதினால் கனிம உரிமைக்கே முன்னிடம். பக்கத்தில் கிணறு தோண்டும்போது வீட்டுக்காரர் அபிப்பிராயத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை.

இங்கே கேள்வியைத் தயாரித்தது கணிப்பு நிறுவனமல்ல. ஊர்க்காரர்கள் கையெழுத்துத் திரட்டி, நகர எல்லைக்குள் ஃப்ராக்கிங்கைத் தடைசெய்யும் தீர்மானத்தை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 2014 நவம்பர் 4இல் சுமார் 59 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். மறுநாளே எண்ணெய்-எரிவாயுச் சங்கமும் மாநில நில அலுவலகமும் வழக்குப் போட்டன. 2015 மே மாதம் ஆளுநர் கிரெக் அபாட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: நிலத்தடியில் நடக்கும் எண்ணெய், எரிவாயு வேலைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகராட்சிகளுக்கு இல்லை. ஜூனில் நகர்மன்றமே தடையை ரத்துசெய்தது.

'பார்த்தீர்களா, வாக்கு ஒரு மாயை' என்று நம்மவர்கள் இதை வாசிக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் மாயையை ஒழிக்க யாரும் சட்டம் கொண்டுவருவதில்லையே! பூர்தியூ மறுத்தது கணிப்புகள் உற்பத்தி செய்கிற சராசரியை. அணிதிரண்டவர்களின் கருத்தை அல்ல. அந்த வேறுபாடு அவரிடமே இருக்கிறது. நான்தான் வசதிக்காக விட்டுவிட்டேன். டெக்சாஸ் சட்டம் டென்டன்காரர்களின் பதிலை மாற்றவில்லை. கேள்வி கேட்கும் உரிமையை ஊரிடமிருந்து பிடுங்கி மாநிலத்திடம் கொடுத்தது. அதிகாரம் பயந்தது 59 என்ற எண்ணுக்கு அல்ல, ஊர் தானே கேள்வி கேட்டுக்கொண்டதற்கு.

2020 ஜனவரியில் நம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. கருத்துக்கேட்புக் கூட்டங்களைச் 'சடங்கு' என்று எழுதியவன் நான். சடங்குதான். ஆனால் வெறும் சடங்கை எதற்காக மெனக்கெட்டு ரத்துசெய்கிறார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கூடத்தில் எழுந்து நின்று பேசிய விவசாயிகளுக்கு அது தெரிந்திருந்தது.