கட்டங்களில் ஒரு கடிதம்

குறுக்கெழுத்து ரசிகர்கள் கூடினால் ஒரே வாதம்தான்: எந்தக் குறிப்பு நியாயம், எது மோசடி? சிலேடையால் ஏமாற்றலாம், ஆனால் விடை தெரிந்தபின் திரும்பப் படித்தால் குறிப்பு நேர்மையாக இருக்கவேண்டும்.

2013 ஜனவரியில் இங்கிலாந்தின் ‘கார்டியன்’ பத்திரிகையில், அராகேரியா என்ற புனைபெயரில் எழுதிய பாதிரியார் ஜான் கிரகாம் ஒரு புதிர் போட்டார். அவருக்கு வயது 91. தமக்கு 19-இல் 18 வந்திருக்கிறது, சிகிச்சை 15 என்று மேலே ஒரு குறிப்பு; அவ்வளவுதான். நிரம்பிய கட்டங்களில் உணவுக்குழாய், புற்றுநோய், வலிதணிப்புச் சிகிச்சை என்ற விடைகள் வந்தன.

மரணத்தைச் சொல்ல நாங்கள் இருநூறு பக்கம் எழுதுகிறோம். வாசகனுக்கு முன்பே அழுதும் விடுகிறோம். கிரகாம் அழவில்லை. செய்தியை வாசகன் கையாலேயே எழுதவைத்தார். அந்த நவம்பரில் காலமானார். இதை விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.