சியாஸ் வாங்கப் போகிறீர்களா? வருஷத்தோடு மாதத்தையும் கேளுங்கள்

"2018 மாடல் சார், சிங்கிள் ஓனர், அப்படியே புதுசு மாதிரி இருக்கும்" என்றார் புரோக்கர். ஆர்சியை வாங்கிப் பார்த்தேன். தயாரிப்பு 2018 மார்ச், 1373 சிசி. நான் தேடி வந்த வண்டி இதுவல்ல.

மாருதி சியாஸில் 2018 என்றால் இரண்டு கார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் முகப்பை மாற்றியபோது பெட்ரோல் இன்ஜினையும் மாற்றிவிட்டார்கள். அதுவரை 1.4 லிட்டர், சுமார் 92 குதிரைத்திறன், அதன்பின் 1.5 லிட்டர், 105. பானெட்டைத் திறக்கவே வேண்டாம், ஆர்சியில் 1462 சிசி என்று இருந்தால் புதுசு. பதிவுத் தேதியை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஷோரூமில் தேங்கிக் கிடந்த வண்டி மாதங்கள் கழித்தும் பதிவாகியிருக்கும்.

இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினேன். ஆள் நால்வர், ஏசி ஓடுகிறது, மேம்பாலம் ஏற வேண்டும்: 1.4 இரண்டாவது கியரைக் கேட்கிறது, 1.5 மூன்றாவதிலேயே முனகாமல் ஏறிவிடுகிறது. விரட்டினால் மட்டும் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். பின் சீட்டில் கால் நீட்டும் இடமும் 510 லிட்டர் டிக்கியும் இரண்டிலும் ஒன்றுதான். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு அதுவே போதும்.

1.5 பெட்ரோலில் ஸ்மார்ட் ஹைப்ரிட் உண்டு. வண்டி நன்றாகச் சூடேறியதும் ஏசியை அணைத்துவிட்டு நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டுப் பாருங்கள். இன்ஜின் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் உயிர்பெற வேண்டும். திரும்பத் திரும்ப முயன்றும் அணையவில்லையென்றால் பேட்டரியைச் சோதிக்காமல் விலை பேசாதீர்கள். இதில் வழக்கமான பேட்டரி போக ஒரு லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. மாற்றினால் செலவு பலமாக இருக்கும்.

2019 வண்டி என்றால் இன்னொரு கேள்வி. அந்த வருஷம் ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 பெட்ரோல் ஹைப்ரிட் வண்டிகளில் 63,493ஐ, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிப்பதற்காக மாருதி திரும்ப அழைத்தது. பழுதான பாகத்தை இலவசமாகவே மாற்றினார்கள். ஆகவே 2019ஐ ஒதுக்க வேண்டாம். சேசிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வேலை முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

டீசல்? 1.5 டீசல் 2019இல் வந்து 2020இல் போய்விட்டது. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஆட்டோமேட்டிக்கில் 4 கியர்தான், ஊருக்குள் ஓட்டப் பரவாயில்லை, ஹைவேயில் பொறுமை வேண்டும். சியாஸ் உற்பத்தி 2025இல் நின்றுவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இதே 1.5 பெட்ரோல் இன்ஜின் எர்டிகாவிலும் ஓடியது என்பதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கம்.

கடைசியில் நான் அட்வான்ஸ் கொடுத்தது 2018 நவம்பர் தயாரிப்பு, 1462 சிசி, மேனுவல் பெட்ரோலுக்கு.