எழுவாய் எங்கே?

இலக்கிய விமர்சனம் சிறுகதை, கவிதை, நாவல் ஆகிய எல்லைக்குள் நின்றுவிட வேண்டுமென்று விதித்தவர் எவருமிலர். மக்களின் வாழ்வைச் சொல்லுக்குள் கொண்டுவரும் எழுத்து எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியதே. அவ்வாறு நோக்கின், 1990ஆம் ஆண்டிற்குப் பின் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்ட உரைநடை எது? கதையன்று, நாவலுமன்று. தொண்டு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் எழுதிக் குவித்த அறிக்கைகளே அவை. அவற்றில் மனிதர் வருகின்றனர், துயரம் வருகிறது, முடிவில் தவறாமல் ஒரு 'மாற்றம்' வருகிறது. ஆயினும் அவற்றை எழுத்தாகக் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை.

இதனை எழுதத் தூண்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில், இன நீதிக்கும் சமூக நீதிக்கும் உழைப்பதாகக் கூறும் ஓர் அறக்கட்டளையில் அவள் பயிலுநராகச் சேர்ந்தாள். சம்பளம் இல்லை, பஸ் கட்டணமும் இறுதியில் ஒரு சான்றிதழும் உண்டு. வடக்கிலிருந்து வந்து இப்பகுதியில் வாழும் பெண்களின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதே பணி. மூன்று மாதம் கழிந்தபின் பள்ளிவாசல்துறையிலுள்ள என் வீட்டுக்கு இரண்டு தாள்களுடன் வந்தாள். ஒன்று அவள் எழுதியது. மற்றையது அலுவலகம் திருத்திக் கொடுத்தது.

"சேர், இந்த ரெண்டாவது தாள்ல நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். மன்னார்த் தீவிலே பிறந்த மூதாட்டி ஒருவரின் வரலாறு அது. முதல் தாளில் அவருடைய வாய்ச்சொல் அப்படியே இருந்தது: "நாங்க வரல்ல மகள், எங்கள அனுப்பினாங்க." இரண்டாம் தாளிலோ, 'பயனாளி 1990இல் இடம்பெயர்ந்து புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தார்' என்றிருந்தது. அதன்பின் தையல் இயந்திரம் ஒன்று வழங்கப்படுகிறது. கடைசி வரியிற் பயனாளி தன்னம்பிக்கையுடன் புன்னகை செய்கிறார்.

இங்கே மாறியது நடை மட்டுமா? தமிழாசிரியன் என்ற முறையில் இதனை இலக்கணத்திலிருந்தே தொடங்க வேண்டியவனாகிறேன். 'இடம்பெயர்ந்தார்' என்பது தன்வினை. பெயர்ந்தவரே அதன் எழுவாய். பருவம் மாறியதும் பறவை பெயர்வதுபோல அவர் பெயர்ந்தார். 'வெளியேற்றப்பட்டார்' என்பது செயப்பாட்டுவினை. யாரோ வெளியேற்றினர் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. யார் என்பதைச் சொல்லாமல் விடவும் இடந்தருகிறது. 'வெளியேற்றினர்' என்னும் பிறவினை ஒன்றே, செய்தவனைக் கூண்டில் நிறுத்துகிறது.

நடந்தது என்ன? 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் ஒக்ரோபர் 30ஆந் தேதி அதற்கு அளித்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களிற் கடல் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். 2002 ஏப்ரலிற் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், இவ்வெளியேற்றம் தவறென அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். செய்தவரே எழுவாயை ஏற்ற பின்னரும், நீதியின் பெயரால் எழுதும் நிறுவனம் அதனை மறைப்பதேன்?

'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்பது சர்வதேசச் சொல். அதனையே நாம் ஆள வேண்டியுள்ளது என்று விடை கூறுவர். 1998ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டிக் கோட்பாடுகளைப் பார்த்தால், தப்பியோடுமாறு பலவந்தப்படுத்தப்பட்டோரையே அவை முதன்மையாகக் குறிக்கின்றன என்பது விளங்கும். மூலத்தில் உள்ள பலவந்தம் தமிழுக்கு வரும் வழியிலே கழன்று விழுந்துவிட்டது.

வெறும் சொல்லாராய்ச்சி என்று இதனைத் தள்ளிவிடலாகாது. வினைச்சொல்லோடு காணியும் கட்டுண்டு கிடக்கிறது. ஒருவர் தாமே பெயர்ந்து போனாரெனில் அவர் காணி கைவிடப்பட்ட காணி. அவர் துரத்தப்பட்டாரெனில் அது பறிக்கப்பட்ட காணி. முசலிப் பிரதேசத்து மரிச்சுக்கட்டி மக்களின் கதை இதற்குச் சான்று. அவர்கள் ஊரில் இல்லாத காலத்திற் காடு வளர்ந்தது. 2012இல் அப்பகுதி நிலங்கள் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. மீண்டு சென்றவர்களை, வில்பத்துக் காட்டை அழிக்க வந்தோர் என 2015இல் தென்னிலங்கைப் பத்திரிகைகள் பல பழித்தன. சொந்த ஊருக்குத் திரும்பியவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான்! எருக்கலம்பிட்டியில் தோன்றி, பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவியியற் பேராசிரியராக விளங்கி, 2018இல் மறைந்த எஸ். எச். ஹஸ்புல்லா தம் வாழ்வின் பெரும்பகுதியை இம்மக்களின் இழப்பைக் கணக்கெடுப்பதிற் செலவிட்டதன் பொருள் இப்போது விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. எழுவாய் இல்லாத வாக்கியத்தின் வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. செய்தவன் பெயரைச் சொல்லாதபோது, கேட்பவன் மனத்தில் ஓர் இனம் முழுவதும் அவ்விடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. 'தமிழர் துரத்தினர்' என்ற பேச்சு எங்கள் கரையிற் பிறந்தது இவ்வாறுதான். மாணவியின் தாளில் அம்மூதாட்டி சொன்ன மற்றொரு செய்தியும் இருந்தது. புறப்பட்ட அன்று பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வேலியருகே நின்று அழுதாள். ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். திருத்திய தாளில் துப்பாக்கி ஏந்தியவரும் இல்லை. அழுத அயலாளும் இல்லை. குற்றவாளியை நீக்கிய கை சாட்சியையும் நீக்கிவிட்டது. இன நல்லுறவுக்காகவே அவ்வரிகளை விலக்கியதாக அலுவலகம் கூறியதாம். உண்மையை விலக்கிக் கட்டும் நல்லுறவு மணலிற் கட்டிய வீடல்லவா?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்பவரின் கதை மாறுவதும் உண்டு. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக வாழ்ந்து விடுபட்ட முதியோர் 2,300 பேருக்கு மேற்பட்டோரின் வாக்குமூலங்களை அரசாங்கத் திட்டமொன்று சேகரித்தது. தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரில் சூசன் ஹம்லின் என்ற மூதாட்டியை இருவர் தனித்தனியே கண்டனர். நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவள் என அவர் எண்ணிய வெள்ளைப் பெண்ணிடம், தம் எசமானர் நல்லவர் என்றார். கறுப்பினத்தவரிடமோ சவுக்கடியையும், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றதையும் சொன்னார். உதவி வேண்டி நிற்பவர், உதவி தருபவர் விரும்பும் கதையையே கூறுவார். 'உதவிக்கு முன், உதவிக்குப் பின்' என்று இரு கட்டங்கள் அச்சிட்ட படிவத்தை நீட்டினால், அவ்விரு கட்டங்களுக்கு அடங்கும் வாழ்க்கையே கிடைக்கும். வெங்காயத் தோட்டத்திற் கூலிக்குக் குனிந்த முதுகும், அக்கூலி குறைந்ததற்கு அகதிகளே காரணமென முணுமுணுத்த உள்ளூர் உழைப்பாளியின் வயிறும் எந்தக் கட்டத்தில் அடங்கும்?

வேறு வழியே இல்லையெனக் கூறவும் முடியாது. இவ்வெளியேற்றத்தை ஆராய்ந்த குடிமக்கள் ஆணைக்குழுவின் இறுதியறிக்கையைக் கொழும்பிலுள்ள 'லோ அண்ட் சொசைட்டி டிரஸ்ட்' 2011இல் வெளியிட்டது. அவ்வறிக்கை தன் தலைப்பிலேயே வெளியேற்றியவர் யார், எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கூறுகிறது. நிதி பெறும் நிறுவனமும் எழுவாயோடு எழுதலாம் என்பதற்கு அதுவே போதிய சான்று.

பிறரைச் சாடிவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாமா? 1960களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்டோரின் பேச்சை எழுத்திற் கொண்டுவந்த நம் எழுத்தாளரைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று ஏளனஞ் செய்தபோது, முற்போக்கு அணி நிமிர்ந்து நின்றது. உழைப்பவன் தன் நாவாற் பேச வேண்டும் என்று வாதாடி வென்றது. அந்த மரபில் வந்த நாம், வடபுலத்து முஸ்லிமின் நாவுக்காக அதே உரத்தோடு வாதாடினோமா? எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அன்று வந்தோருக்குக் கதவு திறந்தன. அது என்றும் நன்றிக்குரியது. ஆயினும் பின்னாளில், எங்கள் வகுப்பில் உடனிருந்து படித்தவனை 'அகதிப் பிள்ளை' என்று அழைத்தவர்களில் நானும் ஒருவன். கதியற்றவன் என்பதே அச்சொல்லின் பொருள். இந்த மண்ணிலே பிறந்தவனையும் அப்பெயரால் அழைத்தோம்.

அறக்கட்டளைகள் வேண்டாம் என்பது என் கட்சியன்று. கூரையும் குடிநீரும் தையல் இயந்திரமும் மெய்யான உதவிகள். பயிலுநராகச் செல்லும் இளைஞர் பெறும் கல்வியும் சிறியதன்று; முதியவர் ஒருவரின் முன் மூன்று மணி நேரம் வாய்திறவாது அமர்ந்து கேட்பதைப் போன்ற இலக்கியப் பயிற்சி எங்கள் வகுப்பறைகளிற் கிடைப்பதில்லை. ஆகவே செல்லுங்கள் என்றே என் மாணவருக்குச் சொல்வேன். செல்லும்போது மூன்று வினாக்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள்: இவ்வாக்கியத்தின் எழுவாய் எங்கே? இது யாருடைய நா? எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டினோமா?

மாணவிக்கு நான் விடை எதுவும் கூறவில்லை. அம்மூதாட்டியிடமே இரண்டையும் வாசித்துக் காட்டுமாறு அனுப்பினேன். முதல் தாளைக் கேட்டபோது, ஆடுகள் ஐந்தல்ல ஏழு என்று அவர் திருத்தினாராம். இரண்டாம் தாளைக் கேட்டு முடித்ததும், "இது யார்ட கதை மகள்?" என்றாராம்.

மாணவி கையெழுத்திடவில்லை. சான்றிதழும் வந்து சேரவில்லை. ஏழு ஆடுகளும், வேலியருகே அழுத அயலாளும் இடம்பெற்ற முதல் தாளைச் செவ்வையாகப் படியெடுத்து மூதாட்டியின் பேத்தியிடம் கொடுத்திருக்கிறாள்.