பீடமா, பட்டறையா?

ஆவடியில் யாரும் ‘கனரக வாகனத் தொழிற்சாலை’ என்று முழுப்பெயர் சொல்வதில்லை. டேங்க் ஃபேக்டரி என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். 1961-ல் உருவான அந்த ஆலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாகிஸ்தானுடன் நடந்த போர் ஓய்ந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. 105 மி.மீ. பீரங்கி, ஏறக்குறைய 39 டன் எடை, உள்ளே நான்கு பேர். முதலில் அங்கிருந்து வந்த உதிரிகளைக் கோத்தார்கள். போகப் போக உதிரிகளையும் இங்கேயே செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் இந்த மண்ணின் ஃபிட்டர்கள், டர்னர்கள், வெல்டர்கள் கைபட்டு உருவானவை. 1971 போரில் அவை களம் கண்டன. பிறகு டி-72 வந்தது, அர்ஜுன் வந்தது, டி-90 வந்தது. விஜயந்தா ஓய்வு பெற்றது.

ஓய்வு பெற்ற டாங்கி உலைக்குத் தப்பினால் நம் நாட்டில் அதற்குக் கிடைப்பது பீடம். மேலைநாடுகளில் சிலவற்றுக்குப் பட்டறை கிடைக்கிறது. பழைய கவச வாகனங்களை வாங்கிப் பிரித்துப் பழுதுபார்த்து மறுபடி ஓடவைப்பதை அங்கே பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். டாங்கி பிறந்த மாவட்டத்தில் வாழ்கிற நமக்கு அந்தப் பழக்கத்தில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று சீர்தூக்கிப் பார்க்கும் கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் பீடத்தைப் பார்ப்போம். நகரத்துப் பூங்காவிலோ கல்லூரி வாசலிலோ நிற்கும் டாங்கி ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தூரத்தில் பளபளப்பாகத் தெரிந்த பச்சை, கிட்டே போனால் தோல் தோலாக உரிந்திருக்கும். குடியரசு தினத்துக்கு ஒரு கோட், சுதந்திர தினத்துக்கு ஒரு கோட் என்று பழைய துருவின் மேலேயே எனாமல் பூசியிருப்பார்கள். போல்ட்டின் ஆறு முனைகளும் பெயின்ட்டில் மூழ்கி உருண்டையாகியிருக்கும். சக்கரத்து ரப்பரில் விரல் நுழையும் வெடிப்பு. மேல்மூடிகளை வெல்டு வைத்து அடைத்திருப்பார்கள், குழந்தைகள் ஏறி விழக்கூடாதே என்று. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் எந்த வெல்டும் மழையை முழுக்கத் தடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் அடித்தட்டில் தேங்கும். ஆண்டுக்கணக்கில் தேங்கும். வெளியே சல்யூட் வாங்கிக்கொண்டே உள்ளே அழுகுகிற பொருளாக அதை ஆக்கிவிடுகிறோம்.

பட்டறைப் பழக்கத்தின் பெரிய பலம் இந்த அழுகலுக்கு மருந்தாக இருப்பது. ஓடவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவன் உள்ளே திறந்தே ஆகவேண்டும். திறந்தால்தான் அந்த இயந்திரத்தைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லாதது தெரியவரும்.

விஜயந்தாவின் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் லேலண்ட் நிறுவனம் உருவாக்கிய எல்-60. ஆறு சிலிண்டர், ஆனால் பிஸ்டன் பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றையொன்று நோக்கி வந்து நடுவில் நெருங்குகின்றன. அந்த நெருக்கத்தில் எரிபொருள் வெடித்து இரண்டையும் இருபுறமும் தள்ளுகிறது. மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. இரண்டையும் பல்சக்கர வரிசை இணைக்கிறது. வால்வே கிடையாது. காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டன்களே மூடித் திறப்பதால் நடக்கின்றன. டீசல் மட்டுமில்லாமல் பலவகை எரிபொருளிலும் ஓடவேண்டும் என்ற 1950-களின் நேட்டோ கொள்கைக்காகப் பிறந்த வடிவம் இது. படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். நடைமுறையில் பிரிட்டிஷ் ராணுவத்தையே அழவைத்தது. அவர்களுடைய சீஃப்டன் டாங்கியில் இதே குடும்பத்து இன்ஜின்தான். லைனர் சீல் கசிவும் பிஸ்டன் ரிங் உடைவும் அதைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தின.

அப்படிப்பட்ட இன்ஜினை ராஜஸ்தான் வெயிலில் ஓடவிட்டவர்கள் எதை எதை அனுபவத்தில் கற்றிருப்பார்கள்! எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும், இரண்டு கிராங்கின் நேரத்தையும் எப்படி ஒத்துப்போக வைப்பது, எந்த போல்ட்டை முதலில் கழற்றினால் மற்றது சிக்காது என்ற அறிவெல்லாம் கையேட்டில் முழுதாக ஏறுவதில்லை. பழுதுபார்க்கும் கையில்தான் அது தங்குகிறது. பீடம் உருவத்தை வேண்டுமானால் காப்பாற்றலாம். இந்தக் கையறிவைப் பட்டறை ஒன்றுதான் காப்பாற்றும். இந்தப் பொழுதுபோக்கின் பக்கம் என்னைச் சாய்ப்பது முதலில் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஓடுகிற கவச வாகனம் போரைப் பற்றிய கவர்ச்சியைக் குறைக்கும். முரணாகத் தோன்றலாம். சினிமா டாங்கிக்கும் நிஜ டாங்கிக்கும் உள்ள வித்தியாசம், உள்ளே உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணெய் நாற்றம், காதை அடைக்கும் இரைச்சல், நிமிர முடியாத இருக்கை, தொட்டால் சுடுகிற இரும்பு. நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவன் ராணுவத்தில் சேர்ந்து எதற்குள் உட்கார்ந்தான் என்பதை எந்தச் சிலையும் அவன் அம்மாவுக்குச் சொல்லாது.

இனி குறைகளுக்கு வருகிறேன். இங்கே இந்தப் பழக்கம் கவச வாகனங்கள் வரை எட்டவில்லை, எட்டவும் முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பீரங்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களில் சேர்க்கிறது. ஆகவே நம் ஆர்வலர்களின் கை எட்டுவது மிலிட்டரி டிஸ்போசல் வண்டிகளைத்தான்: பழைய ஜீப், ஜபல்பூரில் நிஸ்ஸான் உரிமத்தில் தயாரான ஜோங்கா, ஒரு டன் லாரி. ஏலத்தில் லாட்டாக எடுத்து, புதுப்பேட்டையிலும் அம்பத்தூர் லேத் பட்டறைகளிலும் அலைந்து உயிர்கொடுக்கிறார்கள். 2019-ல் தோனி ஒரு ஜோங்காவை ராஞ்சி வீதியில் ஓட்டிய பிறகு அதன் மவுசு ஏறியது.

இந்தச் சிறிய உலகத்திலேயே பழக்கத்தின் முதல் குறை தெரிகிறது. ஜோங்காவின் அசல் இன்ஜின் ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இன்றைய பெட்ரோல் விலையில் அதை யார் தாங்குவது? கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுகிறார்கள். பவர் ஸ்டியரிங் வைக்கிறார்கள், அகலமான டயர் மாட்டுகிறார்கள், அந்த வண்டி ஓடியே இராத படைப்பிரிவின் சின்னத்தை ஸ்டென்சில் வைத்து அடிக்கிறார்கள். வண்டி ஓடுகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது எந்த ஆண்டின், எந்தப் படையின் வண்டி என்ற வரலாறு அந்த ஒரு மாதப் பட்டறை வேலையில் அழிந்துவிடுகிறது. இதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுவண்டி கட்டுகிறார்கள் என்றே சொல்வேன். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பழமைவாகனப் பதிவு விதி இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் அது இருசக்கர வண்டியையும் பயணிகள் காரையும் மனதில் வைத்து எழுதியது. சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிக்கு அதில் இடமில்லை. சேனையின் மேல்நோக்கிய அம்புக்குறி எண்ணோடு இருபது ஆண்டு ஓடிவிட்டு ஏலத்துக்கு வந்த ஜீப்புக்கு, ‘முதல் பதிவு’ எந்தத் தேதியிலிருந்து என்ற குழப்பமும் மிஞ்சுகிறது.

அசலைத் தொடாமலே ஓட்டினாலும் இழப்பு உண்டு. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது. அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, அசல் இன்ஜின் எப்போதோ காட்சிக்காக அறுக்கப்பட்டிருந்ததால் அதே குடும்பத்தின் பிந்தைய மாடலைப் பொருத்த வேண்டியிருந்தது. இன்றும் ஆண்டுக்குச் சில நாள்தான் வெளியே எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டமும் திரும்பக் கிடைக்காத உலோகத்தைக் கொஞ்சம் தேய்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு வருவது கடினம். ஆசைப்பட்டு வாங்கியவர் ஓட்டிப் பார்க்காமல் இருப்பாரா?

அடுத்தது ஆயுள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்ட் என்ற செல்வந்தர் தன் தோட்டத்திலேயே 200-க்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் சேர்த்தார். சொந்தப் பட்டறை, சொந்தத் தொழிலாளர்கள். ஆற்றிலிருந்து மீட்ட ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றைப் பல ஆண்டு உழைப்பில் எழுப்பினார். 2009-ல் காலமானார். 2014 ஜூலையில் அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி ஏலத்தில் சிதறியது. எஞ்சியது ஓர் அறக்கட்டளை வழியாக மாசசூசெட்ஸில் அருங்காட்சியகமானது. தனியாளின் பித்தால் வளரும் சேகரம் அந்த ஆளோடு முடியும் அபாயம் எப்போதும் உண்டு. அவ்வளவு பணம் இருந்தவருக்கே இந்த நிலை.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் குறை வேறு. யாருடைய கதையைச் சொல்ல இந்த இரும்பைப் பராமரிக்கிறோம்? யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையில் ஆனையிறவில் துருப்பிடித்த கவச புல்டோசர் ஒன்று நிற்கிறது. 1991 ஜூலைச் சண்டையில் விடுதலைப் புலிகள் ராணுவ முகாமை நோக்கி ஓட்டிச் சென்ற வண்டி. அதன்மேல் ஏறிக் குண்டு வீசித் தடுத்து உயிர்விட்ட காமினி குலரத்ன என்ற ராணுவ வீரரின் நினைவுச்சின்னமாக அது இன்று இருக்கிறது. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சாலையில் போகும் வன்னித் தாய்க்கு அந்த இரும்பு சொல்வது வேறு. அங்கே இறந்த மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவுப் பலகையில் இடமில்லை. ஒரு கவச வாகனத்தை எவ்வளவு நேர்த்தியாகப் பராமரித்தாலும், அதன் பக்கத்தில் வைக்கும் பலகை ஒருபக்கமாக இருந்தால் அந்த நேர்த்தியே ஒரு வன்மமாகிவிடும். தொழில்நுட்ப ஆர்வலர்கள் பலர் இதை அரசியல் என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக் கூடாது என்றே நான் சொல்வேன்.

கைக்கும் நுரையீரலுக்கும் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம் இருக்கலாம். முகமூடி இல்லாமல் ஏர் அடித்துத் தூசி தட்டுவது நம் பட்டறைகளில் சாதாரணம். இந்த வேலையில் அது கொல்லும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் நான் பட்டறையின் பக்கம்தான் நிற்கிறேன். அதற்குக் கும்மிடிப்பூண்டி ஒரு காரணம். சிப்காட் பகுதியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் வரிசையாக இருக்கின்றன. கேஸ் கட்டர் வைத்து அறுத்த எந்த இரும்பும் தூண்டல் உலைக்குள் போனால் சில மணி நேரத்தில் அடையாளம் இழந்துவிடும். கவசத் தகட்டுக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிக்கலும் குரோமியமும் ஏதோ ஒரு வீட்டுத் தூணின் கம்பிக்குள் கரைந்துவிடும். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், கம்பியும் வேண்டும்தான். ஆனால் இதே வட்டாரத்தில்தான் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வார்ப்படம், ஃபோர்ஜிங், கியர் வெட்டும் மெஷின், ரப்பர் மோல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் கும்மிடிப்பூண்டியிலிருந்து காக்களூர், அம்பத்தூர் வரை கிடைக்கின்றன. எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறது. விஜயந்தாவின் ஒரு சக்கரத்துக்குப் புது ரப்பர் போட இங்கிலாந்துக்கு எழுத வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது சிறியது. எல்லா விஜயந்தாவையும் ஓடவைக்க வேண்டாம். பீடத்தில் நிற்பவற்றின் அடித்தட்டில் வடிகால் துளை திறந்து, மேலே ஒரு கூரை போட்டு, துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதை நிறுத்தினால் போதும். ஒன்றை மட்டும், பீரங்கியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, ஆவடியிலேயே ஒரு பட்டறைக்குள் இழுத்து வர வேண்டும். தனியார் ஆர்வலரின் பொறுமையும் பொது நிறுவனத்தின் ஆயுளும் அங்கே சேரவேண்டும். ஐ.டி.ஐ. மாணவர்கள் கழற்றட்டும், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, அளந்து, மாற்றியதையும் மாற்றாததையும் தமிழில் எழுதி வைக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு நாள் ஓடினால் போதும்.

இந்த வேலையில் இரும்பை முந்திக்கொண்டு தேய்வது ஆள். 1965-ல் இருபது வயதில் உள்ளே போன ஃபிட்டருக்கு இப்போது வயது எண்பதுக்குக் குறையாது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலில் இறங்கி ஷிஃப்டுக்கு ஓடிய கால்கள் இன்று வாசல்படி இறங்கவே கைப்பிடி தேடும். ஏலமும் அனுமதியும் நிதியும் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் யாராவது ஒரு மாணவர் அவர் வீட்டுக்குப் போய், எல்-60-ல் மேல் கிராங்கையும் கீழ் கிராங்கையும் எப்படி நேரம் வைத்தீர்கள் ஐயா என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு வரவேண்டும்.